சிலுவை போட்ட கியர்பெட்டிகள்

"சைக்ளாய்டல் கியரில் சுமைப் பகிர்வு பற்றி நம் பசங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று உங்கள் பிரிவுத் தலைவர் கேட்டார். நல்ல தலைப்புதான். ஆனால் அதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலர் கலராகவும் காட்டும். நான் ஸ்லைடு ரூலிலிருந்து கால்குலேட்டருக்கு மாறியதையே பெரிய சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அதனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். என்னுடைய மிகச் சரியான வரைபடம் ஒன்று ஒரு மனிதரின் வேலையைப் பறித்தது. அது எப்படி நடந்தது என்பதுதான் இது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம் பாடம். இந்த கியர்பெட்டிக்குள் வட்டமாக நிறுத்திய ரோலர்கள் இருக்கும். நடுவில், ஓரம் அலையலையாக வெட்டிய ஒரு தட்டு. அந்த அலைகளைத்தான் பற்கள் என்கிறோம். மோட்டார் தண்டு இந்தத் தட்டை மையத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்து ஆட்டும். தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் தட்டு ஒரே ஒரு பல் தூரம், அதுவும் எதிர்த்திசையில், நகரும். வேகம் குறையும், பலம் கூடும். சாதாரண கியரில் ஒன்றிரண்டு பற்கள்தான் சுமையைத் தாங்கும். இதில் பாதிப் பற்கள் சேர்ந்து தாங்கும் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்தை நான் அப்படியே நம்பினேன்.

எண்பதுகளின் நடுவில், அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருந்தது. அதுதான் எங்கள் கம்பெனி. முதலாளி பெங்களூரில் பழைய இரும்பு வாங்கப் போன இடத்தில் வெளிநாட்டு மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிய சைக்ளாய்டல் பெட்டியைப் பார்த்திருக்கிறார். அதை அம்பாசிடர் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து என் மேசை மேல் வைத்தார். "இதாட்டம் ஒண்ணு நம்மளே போட்டா என்னங்க?" என்றார். நான் எம்.இ. படித்தவன். கொட்டகையில் மின்விசிறிக்குக் கீழே மேசை இருந்தது எனக்கு மட்டும்தான். "போடலாம் சார்" என்றேன்.

ஏழு மாதம் கணக்குப் போட்டேன். என் பெருமையெல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. தட்டுக்கும் ரோலர்களுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் வடிவமைத்தேன். கணக்குப்படி அதுதான் சுத்தமான வடிவம். தட்டை வெட்டி, சேலத்தில் கடினப்படுத்தி, பெங்களூரில் கிரைண்டிங் செய்து வாங்கினோம். அளவுகள் என் வரைபடத்தில் இருந்தபடியே வந்து சேர்ந்தன. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பாகங்களைச் சேர்த்துப் பெட்டிகளைப் பூட்டுவதற்கு ஒரு ஃபிட்டர் இருந்தார். பெயர் வேண்டாம். என்னைவிட இரண்டு வயது இளையவர். பென்னாகரம் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஒன்றரை ஏக்கர் நிலமும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களும் உள்ள கத்தோலிக்கக் குடும்பம். ஒவ்வொரு பெட்டியையும் முடித்ததும் மூடியின் மேல் சாக்பீஸால் சிறிதாக ஒரு சிலுவை போடுவார். முதலாளி அதன் பக்கத்தில் குங்குமம் வைப்பார். நான் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். அறிவியல் படித்தவனுக்கு அந்த உரிமை இருந்தது.

முதல் பெட்டியை ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் பொருத்தினோம். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து எடுக்கும் பாலைத் தொட்டியில் விட்டு, அது அடியில் படியாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கலக்கியைச் சுழற்றத்தான் எங்கள் பெட்டி. ஸ்விட்சைப் போட்டதும் கலக்கி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. எனக்கு வியர்த்துவிட்டது. நோட்டைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து கணக்கைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"சார், மோட்டாருல ரெண்டு ஒயர மாத்திக் குடுத்தா சரியாப் போயிருங்க" என்றார் ஃபிட்டர்.

எனக்கு அது தெரியாதா என்ன? தட்டு எதிர்த்திசையில் நகரும் என்று என் வரைபடத்திலேயே அம்புக்குறி போட்டிருந்தேன். தெரிந்திருந்தும் நோட்டைத்தான் பிரித்தேன். அந்த இடத்திலேயே என்னைப் பற்றி நான் கொஞ்சம் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் பெட்டி நன்றாக ஓடியது, பாராட்டும் வந்தது, தெரிந்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை.

அடுத்தடுத்துப் பதினொரு பெட்டிகள் போயின. ஒன்றுகூடப் பழுதாகித் திரும்பி வரவில்லை. கோயமுத்தூரில் ஒரு கருத்தரங்கில் என் இடைவெளியற்ற வடிவமைப்பைப் பற்றிப் பேசினேன். ஒரே ஒரு குறைதான் எனக்கு. ஃபிட்டர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டார். கொட்டகையின் பின்பக்கம் என்னவோ செய்துகொண்டிருப்பார். அங்கே மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், தரையெல்லாம் எண்ணெய். நான் வெள்ளைச் சட்டை போடுகிறவன். ஒரு தடவைகூட அங்கே போய் என்ன செய்கிறார் என்று நான் பார்த்ததில்லை.

அந்த ஏப்ரலில் புனித வாரத்துக்கு அவர் லீவு எடுத்தார். அவர்கள் ஊரில் ஏசு சிலுவையில் அறையப்பட்ட கதையைப் பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். அதில் அவருக்குப் பிலாத்து வேஷம், ஏசுவைச் சிலுவைக்கு அனுப்பிவிட்டு எனக்குப் பொறுப்பில்லை என்று கை கழுவிய ஆளுநர். நாலு பெட்டிகள் அவசரமாகப் போக வேண்டியிருந்தன. நானே முன்னால் நின்று மற்ற இரண்டு ஆட்களை வைத்து வரைபடத்தின்படி அட்சரம் பிசகாமல் பூட்டவைத்தேன். தண்டைக் கையால் சுற்ற முடியவில்லை. ஸ்பானர் போட்டுத்தான் சுற்ற வேண்டியிருந்தது.

"ரொம்ப இறுக்கமா இருக்குதுங்க சார்" என்றார் அவர்களில் ஒருவர்.

"அது இறுக்கம் இல்லை, துல்லியம்" என்றேன்.

நாலு பெட்டி, நாலே நாளில் முடிந்தது. ஃபிட்டர் இல்லாமலேயே வேலை வேகமாக நடக்கிறது என்று முதலாளியிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

ஈஸ்டர் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவது, பழைய பெட்டிகளில் ஒன்று ஆயில் சீல் மாற்றுவதற்காக வந்தது. சும்மா இருக்கிற கை என்று நான் அதன் தட்டை அளந்தேன். என் வரைபடத்தில் இருந்ததைவிட ஒவ்வொரு பல்லும் ஒரு முடியின் கனத்தில் பாதியளவு குறைந்திருந்தது. யாரோ தேய்த்திருக்கிறார்கள். இரண்டாவது, மறுநாளே எங்கள் பெட்டி ஒன்று ஒரு மில்லில் ஓடாமல் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. எது, எப்போது பூட்டியது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஏழு மாதக் கணக்கை ஒருவர் பின்பக்கம் உட்கார்ந்து தேய்த்து அழித்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் என் மனசில் இருந்தது.

முதலாளிக்கு மூன்று வரியில் குறிப்பு எழுதினேன். தட்டின் பற்கள் வரைபட அளவைவிடக் குறைவாக உள்ளன. பூட்டும்போது தேய்க்கப்பட்டதாகத் தெரிகிறது. பெட்டிகள் பழுதாவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

முதல் இரண்டு வரிகளும் நான் அளந்து எழுதியவை. மூன்றாவது வரியில் இருக்கிற "இருக்கலாம்" என்ற சொல்லுக்கு நான் ஒரு கணக்கும் போடவில்லை. முதலாளி அந்தச் சொல்லைப் படிக்கவே இல்லை. அன்று மத்தியானமே ஃபிட்டரைக் கூப்பிட்டு, வேலையில் கவனக்குறைவு என்று கடிதம் அடித்து, கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவர் டூல் பெட்டியைச் சைக்கிளில் கட்டும்போது என்னைப் பார்த்தார். "சார், நீங்க எழுதுனதுங்களா?"

"அளவைத்தான் எழுதினேன்" என்றேன். பிலாத்து வேஷம் போட்டவர் அவர். கை கழுவுகிற வேலையை அந்த மாதம் அசலாகச் செய்தவன் நான்.

கவனக்குறைவு என்று எழுதிய கடிதத்தோடு ஒரு ஃபிட்டர் தர்மபுரியிலிருந்து ஓசூர்வரை எந்த கேட்டைத் தட்டினாலும் திறக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து அரூர் சாலையில் இருந்த ஒரு சேகோ மில்லிலிருந்து டிரங்க் கால் வந்தது. அங்கே எங்கள் பெட்டிகள் இரண்டு பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் இருந்தன. ஒன்று ஓடுகிறது, ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. முதலாளி என்னைக் காலை முதல் பஸ்ஸிலேயே அனுப்பிவைத்தார். போய்ச் சேரும்போதே வெயில் கொளுத்தியது. தொட்டிக்குள் ஆறு பேர் இடுப்பளவு பாலில் நின்றுகொண்டு கழியால் கலக்கிக்கொண்டிருந்தார்கள். கலக்குவதை நிறுத்தினால் மாவு அடியில் படிந்து கல்லாகிவிடும். வாசலில் கிழங்கு வண்டிகள் வரிசையாக நின்றன.

மில் முதலாளி என்னை நேராகப் பெட்டிகளிடம் கூட்டிப்போனார். "இங்க பாருங்க இன்ஜினியரே. சிலுவ போட்ட பொட்டி ஓடுதுங்க. போடாத பொட்டி நின்னு போச்சுங்க. பாலக்கோட்டுல எங்க மச்சான் மில்லுல நின்னதும் போடாததுதானுங்களாம். நாங்க மாரியாத்தாளக் கும்புடறவங்க, இருந்தாலும் சொல்றேன், இனிமேப்பட்டுச் சிலுவ போட்டதாவே குடுத்துருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. தற்செயலுக்கும் காரணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி அவருக்கு ஐந்து நிமிஷம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தொட்டிக்குள் நின்றவர்களில் ஒருவர், "சாரு பேசி முடிச்சா பொட்டியத் தொறப்பாருங்களா?" என்று கேட்டார்.

திறந்தேன். நின்றுபோன பெட்டியின் தட்டில் மூன்று பற்கள் மட்டும் சூட்டில் நீலமாகியிருந்தன. மற்ற பற்களில் பெங்களூர் கிரைண்டிங் கோடுகூட அழியவில்லை. அவை சுமை என்ற ஒன்றைத் தொட்டதே இல்லை. ஓடுகிற பெட்டியையும் நிறுத்தித் திறக்க வேண்டும் என்றேன். மில் முதலாளி அரை மனசோடு சம்மதித்து, அந்தத் தொட்டிக்கும் ஆள் இறக்கினார். சிலுவை போட்ட அந்தப் பெட்டியில் எல்லாப் பற்களும் ஒரே சீராக மினுமினுவென்று மெருகேறியிருந்தன.

ரோலர்களைப் பொருத்தும் துளைகள் எங்கள் கொட்டகையில் போட்டவை. அவை எவ்வளவு சரியாக இருந்தாலும் இம்மியளவு முன்பின் இருக்கும். இடைவெளியே இல்லாத தட்டை அதற்குள் வைத்தால், துருத்திக்கொண்டிருக்கிற இரண்டு மூன்று இடங்களில் மட்டும் முட்டும். வெயிலிலும் ஓட்டத்திலும் சூடாகித் தட்டு விரிந்தால் அங்கேயே கடித்துக்கொள்ளும். பாதிப் பற்கள் சுமை தாங்கும் என்ற என் கணக்கு, அவர் லீவில் இருந்தபோது என் வரைபடப்படி பூட்டவைத்த பெட்டியில் பொய்யாகிப்போனது. அந்த மனிதர் "தேய்த்துக் கெடுத்த" பெட்டியில் அது உண்மையாக இருந்தது. கோயமுத்தூரில் எனக்குக் கிடைத்த கைதட்டல் யாருடையது என்று அந்தத் தொட்டியின் விளிம்பில் நின்றபோது புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நானே தேய்க்கலாம்தான். எவ்வளவு தேய்ப்பது? குறைந்தால் மறுபடி பிடிக்கும், கூடினால் தட்டு வீண். ஓடிய பெட்டியை அவர்களிடம் மூடிக்கொடுத்துவிட்டு, நின்ற பெட்டியின் தட்டோடு மில் ஜீப்பில் பென்னாகரம் சாலைக்குப் போனேன்.

அவர் தன் நிலத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சார். வூட்டுக்கு வாங்க, தண்ணி குடிங்க" என்றார்.

"நின்ன பெட்டியத் திறந்து பார்த்தேன்" என்று தொடங்கினேன்.

"மூணு நாலு பல்லு மட்டும் புடிச்சிருந்துச்சுங்களா?"

"எப்படித் தெரியும்?"

"மொதப் பொட்டியிலயே அப்படித்தானுங்க. கையில சுத்துனா அங்கங்க புடிச்சுது. பழைய ரோலரு செட்டு ஒண்ணப் போட்டு, தேய்க்கற பேஸ்டு தடவிச் சுத்த வுட்டேன். ரெண்டு வெரல்ல சுத்தறாப்பல வந்தப்பறம் கழட்டிச் சீமெண்ணையில கழுவி, புது ரோலரு போட்டுப் பூட்டுனேன். எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க செஞ்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார். "தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேனுங்க. ஆசாரி கதவ ஒரு நூலு பெருசாத்தான செய்வாரு. அப்பறம் நெலவுச் சட்டத்துல வெச்சுப் பாத்து எழைப்பாரு. நீங்களும் அதாட்டம், கையில தேச்சு எடுத்துக்கட்டும்னு மிச்சம் வெச்சுப் போட்டிருக்கீங்கன்னு இருந்தேன். இவ்வளவு படிச்சவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. அதைச் செய்யாமல், தொட்டியில் ஆள் நிற்பதைச் சொல்லி உடனே வரச் சொன்னேன்.

"வரேனுங்க. மில்லுக்காரரு என்ன பாவம் பண்ணுனாரு. ஆனா சார், ஓசூருல ரெண்டு எடத்துக்குப் போனேன். பழைய கம்பெனி காயிதம் இருக்குதான்னாங்க. காட்டுனேன். அப்பறமா வாங்கன்னு அனுப்பிச்சுட்டாங்க. நீங்க ஒரு காயிதம் எழுதிக் குடுங்க."

"என்னன்னு?"

"நடந்ததத்தானுங்க."

அவர் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தந்தார். எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. முதலாளி எனக்குச் சம்பளம் கொடுப்பது என் கணக்குக்காக. அந்தக் கணக்கு தப்பு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மின்விசிறிக்குக் கீழே மேசை எதற்கு? பேனா மிகுந்த சாமர்த்தியத்தோடு ஓடியது. "வெப்ப விரிவின் காரணமாகச் சில அளவுகளில் மாற்றம் தேவைப்பட்டது" என்று எழுதினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். "சார், இதுல தப்பு யாரு பண்ணுனாங்கன்னு தெரியிலீங்களே. வெயிலு பண்ணுனாப்பல இருக்குது."

இரண்டாவது தாளில், "வடிவமைப்புப் பிரிவில் ஏற்பட்ட ஒரு கவனப்பிசகு" என்று எழுதினேன். அந்தப் பிரிவில் இருந்தது நான் ஒருவன்தான்.

"பிரிவுன்னா எத்தன பேருங்க?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை. வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது தாளில் இப்படி எழுதினேன். வரைபடம் தவறு. அதைப் போட்டவன் நான். இவர் சரிசெய்ததால்தான் பெட்டிகள் ஓடின. அது தெரியாமல் நான் எழுதிய குறிப்பால் இவர் வேலை போனது. கீழே முழுப் பெயரும் தேதியும் போட்டேன். ஏழு மாதம் போட்ட கணக்கைவிட இந்த நாலு வரிக்குத்தான் எனக்கு அதிக நேரம் ஆனதுபோல் இருந்தது. அவர் அதை மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையின் பட்டனையும் போட்டுக்கொண்டார்.

மில்லில் சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவையாக அவர் செய்வதைப் பார்த்தேன். என் வெள்ளைச் சட்டை அன்றோடு போயிற்று. இரண்டு விரலால் தண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னையும் சுற்றச் சொன்னார். மெத்தென்று சுற்றியது. பெட்டி ஓட ஆரம்பித்ததும் தொட்டியில் நின்றவர்கள் கழியைப் போட்டுவிட்டு ஏறினார்கள். மில் முதலாளி ஒரு சாக்பீஸை நீட்டி, "சிலுவையப் போட்டுருங்க" என்றார்.

"இது கம்பெனி மார்க்குங்களா? கழுவிப் பூட்டியாச்சு, பேஸ்டு உள்ள ஒட்டிக்கில, பாத்தாச்சுன்னு எனக்கு நானே போட்டுக்கறதுங்க" என்றார் ஃபிட்டர். ஆனாலும் போட்டார்.

மறுநாள் எங்கள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெட்டிகளைப் பற்றியோ தட்டைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "அதெல்லாஞ் செரி. காயிதத்துல எதுக்குங்க எழுதிக் குடுத்தீங்க? வாயில சொன்னாப் பத்தாதா?" என்றார். ஒரு வாரம் கழித்து ஃபிட்டரைத் திரும்பக் கூட்டிவர என்னையே அனுப்பினார். அதற்குள் அந்தத் தாளைக் காட்டி அவர் ஓசூரில் பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டார். சம்பளமும் அங்கே கூடுதல். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆவணங்களிலேயே உடனடியாகப் பலன் தந்தது அது ஒன்றுதான்.

என் வேலை போகவில்லை. தவறு செய்தவனை அனுப்பிவிட்டால் அதைத் திருத்த ஆள் வேண்டுமே. இரண்டு விரலால் சுற்ற வேண்டும் என்பதை ஓர் அளவாக மாற்ற எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இந்த முறை பின்பக்கம் உட்கார்ந்து, நானே தேய்த்து, அளந்து, பல் முகத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். புது வரைபடம் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

பூசை முடிந்து வந்திருந்தார். வரைபடத்தைக் கட்டிலில் விரித்துக் காட்டினேன். அளவுகளை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "சரியா வந்திருக்குதுங்க சார்" என்றார். எனக்குக் கோயமுத்தூர் கைதட்டலைவிட அது பெரிதாக இருந்தது. வலது மூலையில் கையெழுத்துக் கட்டங்களில் அவர் விரல் நின்றது.

"மூணு கட்டத்துலயும் உங்க கையெழுத்தாவே இருக்குதுங்களே."

"வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். சின்னக் கம்பெனி. மூணும் நான்தான்."

"மொத வரைபடத்துலயும் இப்படித்தானுங்களா?"

"ஆமாம்."

நான் பிளேடால் நடுக் கட்டத்தில் இருந்த என் கையெழுத்தைச் சுரண்டி எடுத்தேன். பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நான் இப்ப வேற கம்பெனி ஆளுங்க. அங்க தெரிஞ்சா தப்பாயிரும்" என்றார். அவர் சொன்னது நியாயம். எனக்கு மறுபடி அங்கே என் பெயரை எழுதக் கை வரவில்லை. அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வரைபடத்திலிருந்து பதினொரு வருஷம் பெட்டிகள் செய்தோம். மில்காரர்கள் பார்த்தார்கள், பேங்க்காரர்கள் பார்த்தார்கள், ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் பார்த்துச் சீல் வைத்தார்கள். சரிபார்த்தவர் என்ற கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.